அமலோற்பவம் விழ எடுத்துக்கொண்ட நேரம்

சிப்பிக்கிடங்குத் தெருவில் அமலோற்பவம் முதன்முதலாக விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. தரையை வந்து சேர்ந்தது அன்றைக்கே சாயங்காலம் நாலு மணிக்கு.

இடைப்பட்ட ஆறு மணி நேரமும் அவள் விழுந்துகொண்டுதான் இருந்தாள். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, இடது பக்கமாகச் சாய்ந்து, ஐயோ என்று வாயைத் திறந்தவள், அந்த ஐயோவை முடிக்கிறதற்குள் காற்றில் ஒருக்களித்தபடி நின்றுவிட்டாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அவள் புருஷன் தொம்மை, அவள் அப்படியே உறைந்துபோனாள் என்றுதான் முதலில் நினைத்தார். சுவரில் அவள் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான், கடிகாரத்துச் சின்ன முள் போகிற வேகத்தில் அவள் இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. வேறு ஆளாக இருந்தால் அலறி ஊரைக் கூட்டியிருப்பார்கள். தொம்மை முப்பத்தெட்டு வருஷம் பேக்கரியில் மக்ரூன் போட்டவர். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, சீனி சேர்த்து, முந்திரித்தூள் சேர்த்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் காயவிட்டு, அவசரப்பட்டவன் கையில் மக்ரூன் நிற்காது என்று வேலைக்கு வந்தவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியவர். அவர் நிதானமாகப் போய் மெத்தையை எடுத்து வந்தார்.

எதிர்வீட்டு மிக்கேலம்மாள் வந்தாள், தெருமுனை டீக்கடை பரமசிவம் வந்தார், மூன்று பேருமாகப் பிடித்து அமலோற்பவத்தை நிமிர்த்தப் பார்த்தார்கள். அவள் நிமிரவில்லை. தொடங்கின விழுதலை முடித்துத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு, மூன்று வீட்டு மெத்தையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டார்கள். மாதா கோயில் பன்னிரண்டு மணி அடித்தபோது அவள் முக்கால் பாகம் நிமிர்ந்தும் கால் பாகம் சாய்ந்தும் இருந்தாள். மிக்கேலம்மாள் தலையைச் சாய்த்துக்கொண்டு கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். தொம்மை தண்ணீர் டம்ளரை நீட்டினார். அப்போதுதான் அமலோற்பவம் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துச் சொன்னாள்:

"ரெமியப்பா, ஏன் இப்பிடி முழிக்கிய? சோறு தின்னியளா?"

டம்ளர் கீழே விழுந்தது. அது சாதாரண வேகத்தில்தான் விழுந்தது.

மஸ்கட்டில் இருக்கும் மகன் ரெமியை வைத்து அவள் அவரைக் கூப்பிட்ட பெயர் அது. அதைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் டிமென்ஷியா என்றும் தெரு மறதி என்றும் சொன்ன அந்த நோய், அவளிடமிருந்து முதலில் கிழமைகளை எடுத்துக்கொண்டது, பிறகு அடுப்பை அணைப்பதை, பிறகு மகனின் குரலை, கடைசியில் ஒரு நாள் காலையில் புருஷனையும் எடுத்துக்கொண்டது. அன்றையிலிருந்து அவரை அவள் "அண்ணாச்சி" என்றாள், பலசரக்குக் கடைக்காரரைக் கூப்பிடுகிற மரியாதையோடு. ஐம்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்துவிட்டுச் சொந்த வீட்டிலேயே அண்ணாச்சியாகிப் போன மனுஷனின் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை, சாய்ந்த வாக்கில், அவள் எல்லாம் பேசினாள். ரெமிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கொட்டின மழையைப் பேசினாள், மாமியார் ஒளித்து வைத்த ஊறுகாய் ஜாடியைப் பேசினாள், கல்யாணமான புதிதில் அவர் சட்டையில் அடித்த சீனி வாசமும் தன் சேலையில் அடித்த மீன் வாசமும் ஒரே கொடியில் காய்ந்து சண்டை போட்டதைப் பேசிச் சிரித்தாள். நாலு மணிக்கு அவள் தோள் மெத்தையில் பட்டது, பிறகு இடுப்பு, பிறகு தலை. கண்ணை மூடித் திறந்தாள்.

"அண்ணாச்சி, பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

இப்படி ஒன்று நடந்துவிட்டால் தெரு சும்மா இருக்குமா? அடுத்த தடவை அவள் விழுந்தபோது, யாரும் சொல்லாமலே மெத்தைகள் வந்தன, யார் வீட்டு மெத்தை அடியில், யார் வீட்டு மெத்தை மேலே என்பதில் ஒரு சின்ன மனஸ்தாபமும் வந்தது. பரமசிவம் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார். பெண்கள் அவள் தலையை வாரினார்கள், நகம் வெட்டினார்கள், சாய்ந்திருக்கிற தலைக்குப் பேன் பார்ப்பது எவ்வளவு வசதி என்று கண்டுபிடித்தார்கள். ஜெபமாலை சொல்கிறவர்கள் ஒரு பக்கம் சொன்னார்கள். பழைய சொத்துத் தகராறில் எல்லைக்கல் எங்கே இருந்தது என்று கேட்க வந்தவர்கள் இன்னொரு பக்கம் வரிசையில் நின்றார்கள், ஏனென்றால் விழுகிற நேரத்தில் அவளுக்கு ஞாபகம் கண்ணாடி மாதிரி இருந்தது. பங்குச் சாமியார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது அற்புதமா இல்லையான்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல, மெத்தைய இன்னும் ரெண்டு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். படத்தில் ஒரு அம்மா சாய்ந்து நின்று சிரிப்பதைத் தவிர வேறொன்றும் இல்லாததால் அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கூட்டத்துக்கு நடுவில் தொம்மை மட்டும் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, முகம் இறங்க இறங்க ஸ்டூலை விட்டுத் தரையில் உட்கார்ந்து, பிறகு தரையில் படுத்து, கடைசிப் பேச்சு வரைக்கும் கேட்டார்.

ஆனால் அவர்தான் கடிகாரத்தையும் பார்த்தவர். இரண்டாவது விழுதலுக்கு நாலு மணி நேரம்தான் ஆனது. மூன்றாவதுக்கு இரண்டரை. நாலாவது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, எல்லைக்கல் ஆட்கள் ஏமாந்து திரும்பினார்கள். மிக்கேலம்மாளின் அக்கா போன வருஷம் குளியலறையில் சாதாரணமாக விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று மாசம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தவள். அந்தச் சாதாரண விழுதல் அமலோற்பவத்தை நோக்கி ஒவ்வொரு மணி நேரமாக நெருங்கி வருவது அவருக்குத் தெரிந்தது.

அதனால் நல்ல புருஷன் எவனும் செய்கிற தப்பைச் செய்தார். அவளை உட்கார வைத்தார். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மேஜையை நகர்த்தி வைத்து, அவள் எழுந்தால் "உக்காரு", திரும்பினால் "உக்காரு", தண்ணீர் வேண்டுமென்றால் "நான் எடுத்தாரேன், நீ உக்காரு" என்று நாள் முழுக்க அதே சொல்லாகச் சொன்னார். மஸ்கட்டிலிருந்து ரெமியும் போனில், "அம்மாவ எழும்பவே விடாதிய அப்பா" என்றான். மூன்று வாரம் அவள் உட்கார்ந்திருந்தாள். நாலாவது வாரம் அவர் கண்ணசந்த நேரத்தில் எழுந்து இரண்டு எட்டு வைத்தாள், விழுந்தாள், அந்த விழுதல் டீக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு மெத்தையைத்தான் இழுத்துப் போட முடிந்தது. "ரெமியப்பா" என்று ஆரம்பித்தவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்வதற்குள் கீழே வந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்கிப்போனது.

அந்த மணிக்கட்டைப் பார்க்கத்தான் நஸ்ரின் வந்தாள். காயல்பட்டினத்துப் பெண், வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட், ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறவள். விழுதலின் கதையைத் தெருவே கூடிச் சொன்னது. அவள் கேட்டுக்கொண்டாள், ஆச்சரியப்படவில்லை; அவளுக்கு அமலோற்பவத்தின் தொடைதான் முக்கியமாக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, யாரு இவங்கள உக்கார வச்சது?"

"நான்தாம்மா. விழுந்துரக் கூடாதுன்னு."

"உக்காந்து உக்காந்துதான் காலுல பலம் போச்சு. பலம் போகப் போகத்தான் வேகமா விழுறாங்க. இவங்க நடக்கணும், நாற்காலியிலேர்ந்து பத்துத் தடவ எழும்பி எழும்பி உக்காரணும், ஒத்தக் கால்ல நிக்கணும், பக்கவாட்டுல எட்டு வைக்கணும். வாரத்துல மூணு நாளு நான் வாரேன், மத்த நாளு நீங்க செய்ய வைங்க. ஒரு எட்டுக்குள்ள ஆள் நிக்கணும், ஆனா பிடிச்சுக்கிட்டே நிக்கக் கூடாது."

தொம்மை அன்றைக்கு மேஜையை நகர்த்தினார். தன்மேல் அவருக்கு அப்படிக் கோபம் வந்தது.

மேஜையை நகர்த்திவிட்டால் போதுமா? நஸ்ரின் "காலைத் தூக்குங்கம்மா" என்றால் அமலோற்பவம் கையைத் தூக்கினாள். "எழும்புங்க" என்றால் "எதுக்கு?" என்றாள். காரணத்தைச் சொன்னால் காரணத்தின் பாதியிலேயே முதல் பாதியை மறந்தாள். ஒற்றைக் காலில் நின்று காட்டினால், "அண்ணாச்சி, இந்தப் புள்ளைக்குக் காலுல முள்ளு குத்திட்டு போலிருக்கு, என்னன்னு பாருங்க" என்று பரிதாபப்பட்டாள். இரண்டு வாரம் இப்படிப் போனது. நஸ்ரினின் கால்களுக்கு நல்ல பயிற்சி கிடைத்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், தொம்மை பரணைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஏறி, தேங்காய்ச் சிரட்டை போட்டு வைத்திருந்த பழைய ஓலைப்பெட்டியைக் கீழே இறக்கிக் கொட்டிவிட்டுக் கைகழுவப் போனார். திரும்பி வந்தால் நாற்காலி காலியாக இருந்தது, பெட்டியையும் காணோம், தோளில் கிடந்து நழுவின அவர் துண்டையும் காணோம். வாசலுக்கு ஓடினார். அமலோற்பவம் அந்தத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் வெறும் ஓலைப்பெட்டியை வைத்து, கையை விட்டுவிட்டு, தெருவின் நடுவே முதுகு நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷம் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றவள் அவள். நாற்காலியில் மறந்துபோன கால்கள் பெட்டிக்குக் கீழே வந்ததும் வழியைக் கண்டுகொண்டன. பரமசிவம் டீயை ஆற்றுகிற வாக்கிலேயே நின்றார். மிக்கேலம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று அமலோற்பவம் குரல் கொடுத்தாள்:

"சாளை இருக்கு, பாறை இருக்கு, எடுக்கியளா?"

இங்கேதான் மிக்கேலம்மாளைப் பாராட்ட வேண்டும். பெட்டியில் ஒன்றும் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவளோ கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"சாளை நேத்துள்ளது மாதிரில்லா இருக்கு?"

"நேத்துள்ளதா? எம் மீனையா? ஏட்டி, செவுளப் பாரு, ரத்தம் நிக்குது!" என்று அமலோற்பவம் சீறிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து, பெட்டியை இறக்கி, இல்லாத சாளையின் செவுளை விரித்துக் காட்டினாள். மிக்கேலம்மாள் குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டாள். பிறகு அமலோற்பவம் கையை ஊன்றாமல் எழுந்தாள், "தூக்கி விடு" என்றாள், பெட்டி தலைக்கு ஏறியது, அடுத்த வீட்டுக்குப் போனாள். ஸ்கூட்டரிலிருந்து இறங்கின நஸ்ரின் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எண்ணினாள். ஏழு வீட்டில் ஏழு தடவை உட்கார்ந்து எழுந்திருந்தாள்.

அன்றையிலிருந்து தெருவுக்கு வேலை வந்துவிட்டது. நஸ்ரின் திட்டம் போட்டுக் கொடுத்தாள், தெரு அதில் தன் கைவரிசையைக் காட்டியது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு முக்காலி, ஒரு வீட்டைவிட அடுத்த வீட்டு முக்காலி ஒரு விரல் குட்டை. ஒரு வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயை வழியில் குறுக்கே போட்டுவைத்தாள், காலைத் தூக்கித் தாண்டுவதற்காக. இன்னொருத்தி நெருக்கமாகச் செடிச்சட்டிகளை வைத்துப் பக்கவாட்டில் நடக்க வைத்தாள். பரமசிவம் கடைப் படிமேல் நின்றுகொண்டு, "பெரிய பாறையா பாத்து எட்டிக் குடுங்கம்மா" என்பார், அவள் குதிகாலைத் தூக்கி எம்பிக் கொடுப்பாள். ஒரு எட்டுப் பின்னால் தொம்மை போனார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏனென்றால் கட்டாவிட்டால் அது தானாகப் போய் அவளைப் பிடித்தது. பெட்டியை நம்பி ஐந்தாறு பூனைகள் பின்னாலேயே போய் ஏமாந்தன. குனிந்து நிமிர்ந்து மீன் பார்த்ததில் மிக்கேலம்மாளின் மூட்டுவலி பாதி குறைந்தது. தான் மீன் தின்றதே இல்லை என்று பெருமையடிக்கிற தபால்கார வைத்தியநாதன்கூட அந்தத் தெருவுக்கு வந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு வஞ்சிரம் கேட்டுத்தான் போனார்.

ஒன்றரை மாசம் கழித்து அவள் மறுபடி விழுந்தாள், மூன்று மணி நேரம் விழுந்தாள். தெரு கைதட்டியது. மெத்தைகள் வந்தன, பெஞ்சு வந்தது. தொம்மை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெமியப்பா, மெலிஞ்சுட்டியளே" என்றாள்.

"ஒம் பின்னால நடந்து நடந்துதான்."

"நான் எங்க நடந்தேன்?" என்று அவள் கேட்க, அவர் வீடு வீடாக எல்லாவற்றையும் சொல்ல, வெறும் பெட்டிக்கு மிக்கேலம்மாள் முகம் சுளித்த கதைக்கு அவள் காற்றில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மூன்று மணி நேரம் போனதே அவருக்குத் தெரியவில்லை.

அவள் தரைக்கு வந்து அண்ணாச்சி என்ற பிறகு, நஸ்ரின் சந்தோஷமாகச் சொன்னாள்: "ஐயா, இதே மாதிரி விடாம செஞ்சா இன்னும் ரெண்டு மாசத்துல இவங்க விழவே மாட்டாங்க."

தெருவின் முகம் விழுந்தது. தொம்மையின் முகமும்தான். அவர் அதுவரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை. விழுகிற நேரத்தை நீட்டுகிறோம் என்றுதான் நினைத்திருந்தார். நீட்டி நீட்டி அது இல்லாமலே போய்விடும், அதோடு ரெமியப்பாவும் போய்விடுவார், மீதி நாளெல்லாம் அவர் ஒரு அண்ணாச்சிதான் என்பது அப்போதுதான் நெஞ்சில் அடித்தது.

மறுநாள் காலையில் பெட்டியைக் காணோம். "ஓலை பிஞ்சு போச்சு, முடைய குடுத்திருக்கு" என்றார் தொம்மை, யாரும் கேட்காமலே. யார் முடைகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நஸ்ரின் வேறு பெட்டி வாங்கி வந்தாள், பிளாஸ்டிக். அமலோற்பவம் அதைத் துணிக்கூடை என்று நினைத்துச் சேலையை மடித்து வைத்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைச் சும்மாடு சுருட்டுவாள், தலையில் வைப்பாள், மேலே வைக்க ஒன்றும் இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள், பிரிப்பாள், மறுபடி சுருட்டுவாள். எட்டாம் நாள் அவள் எழுந்தபோது முழங்கால் நடுங்கியது. விழவில்லை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, பயந்துபோய் அவரைப் பார்த்தாள். அவரை யாரென்று தெரியாத பார்வைதான், ஆனாலும் அந்த அறையில் உதவிக்கு அவரைத் தவிர வேறு ஆளில்லை என்று தெரிந்த பார்வை. தொம்மை ஏணியில் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

வாசலில் நின்ற மிக்கேலம்மாளிடம், "முடைய ஒண்ணும் குடுக்கல. நான்தான் ஒளிச்சு வச்சேன்" என்றார்.

"தெரியும். ஒங்க பரணு எங்க சன்னல்லேர்ந்து தெரியுமில்லா" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாங்களும் ஒண்ணும் சொல்லல பாத்தியளா அண்ணே. எங்களுக்கும் அவ விழுந்து பேசுனா நல்லாத்தான இருந்திச்சு."

மிக்கேலம்மாள் தன் வீட்டு முக்காலியை எடுத்து வாசலில் போட்டாள். அடுத்த வீட்டு முக்காலியும் வெளியே வந்தது.

ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி போனது. அவள் தினமும் நடந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், எம்பினாள், தாண்டினாள். பெட்டிக்குள் அரைப்படி மணலும் ஏறியது. ஒரு செவ்வாய்க்கிழமை, மழைத் தூறல் விட்ட காலை, அவள் பரமசிவத்தின் கடைக்கு முன்னால் வரும்போது பூனை ஒன்று காலுக்குள் பாய்ந்தது. அவள் தடுக்கினாள். பெட்டி தலையிலிருந்து பறந்தது. உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்ததைத் தெருவே பார்த்தது. "மெத்தை!" என்று நாலு குரல் ஒன்றாக எழுந்தது, நாலு வீட்டிலிருந்து மெத்தைகள் கிளம்பின, பெஞ்சு நகர்ந்தது, எல்லைக்கல் ஆள் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். தொம்மையின் கை கட்டவிழ்ந்தது. அவள் வாய் திறப்பதைப் பார்த்தார், ரெமியப்பா என்று வரப்போகிறது என்று தெரிந்து அவர் உயிரே காதுக்கு வந்துவிட்டது.

அவள் இடது காலை எடுத்து ஒரு எட்டுத் தள்ளி வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. எழுபத்துமூன்று வயசுப் பெண் ஒருத்தி தெருவில் தடுக்கி, விழாமல் நின்றாள். எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் யாரும் திரும்பிப் பார்க்காத காரியம். மெத்தையோடு வந்தவர்கள் மெத்தையோடு நின்றார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நஸ்ரின் மட்டும் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அமலோற்பவம் சிந்தின மணலை அள்ளிப் பெட்டியில் போட்டாள். எதிரே ஒரு கிழவர் மூக்கைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, என்னத்துக்கு அழுதிய? வீட்டுல ஆருக்கும் சொகமில்லையா?"

"இல்லம்மா. எல்லாரும் நல்லாருக்காவ" என்றார் தொம்மை.

"பின்ன என்ன? அழப்படாது" என்று சொல்லி, அவள் முக்காலி இல்லாத வெறும் தரையில் குந்தி, பெட்டிக்குள் கைவிட்டுத் தேடி, நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. கொழம்பு வச்சுத் தின்னுங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் கையை ஊன்றாமல் எழுந்து, சும்மாட்டைச் சரிசெய்து, "தூக்கி விடுங்க அண்ணாச்சி" என்றாள். தொம்மை பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.